நாலாம் அத்தியாயத்துப் பிள்ளைகள்

— யா அல்லா! என்னத்தா அது, டமார்னு? குண்டு கிண்டு போட்டுட்டாகளா?

— இல்ல லத்திபாக்கா, ஜீப்பு டயர் வெடிச்சிருக்கு. உங்க வாசல்லயேதான் நிக்குது. ஐயையோ, அக்கா! இறங்குறது எங்க சாரு!

— எந்த சாரு? பழைய சாரா, புது சாரா?

— புது சாரு. ஞானசிகாமணி சார். வெள்ளிக்கிழமை மதுரைக்கு வான்னுதானே சொன்னாரு! இங்க கம்பத்துக்கு எதுக்கு வந்திருக்காரு?

— வந்தா வரட்டும். உன்னைய என்ன கடிச்சா தின்னுருவாரு? அனு, நீ வாசிக்க வந்ததை வாசி. உம் புஸ்தகத்துல எம் பேரு வருதா, இல்லையா?

— புஸ்தகம் இல்லக்கா, ஆய்வேடு. நாலாவது அத்தியாயம் உங்களை வச்சுத்தான் தொடங்குது. கேளுங்க. ‘பிறந்த பிள்ளைகள் தங்காமல் இறந்துபோன இந்துக் குடும்பத்தார், அடுத்துப் பிறந்த குழந்தையைக் கம்பத்தில் லத்திபா என்பவரின் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு படி தவிட்டுக்கு விற்பார்கள். விற்ற பின், அந்த வீட்டுப் பிள்ளையாகவே அதைத் திரும்ப வாங்கிப் போய் வளர்ப்பார்கள். அவ்வாறு வாங்கப்பட்ட முப்பத்தேழு பேரைச் சந்தித்தேன்.’

— முப்பத்தெட்டு.

— ஒருத்தர் கிடைக்கலையேக்கா. சின்னமனூர், கூடலூர்னு அலையாத இடமில்ல.

— எப்படிக் கெடைப்பான்? எங்க மாமி, அதான் எம் புருசனப் பெத்தவுக, வாங்குன பயலுக அம்புட்டுப் பேரு காதுலயும் மைதீன்பிச்சைன்னு ஒரே பேரைத்தானே சொன்னாக. பள்ளிக்கொடத்துல அவனுக்கு என்ன பேரோ, யாரு கண்டா?

— சரி, சார் உள்ள வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன். இந்த அத்தியாயத்தை மாத்தினாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லிட்டாரு.

— போடாட்டி?

— வெள்ளிக்கிழமையோட என் பதிவு முடியுது. தொண்ணூத்தெட்டுல பதிஞ்சது, இப்ப ரெண்டாயிரத்து நாலு. ஆறு வருசமும் வீணு. கல்லூரி வேலைக்கு மனுப்போட்டிருக்கேன், அதுவும் போச்சு.

— ஏற்கனவே ஒருக்க மாத்தச் சொன்னாகளே?

— அது பழைய கைடு. இந்த வழக்கம் ஆதியில நம்ம கோயிலோடது, பின்னால வந்தவுக எடுத்துக்கிட்டாகன்னு எழுதச் சொன்னவரு.

— அந்த மனுசனா! எங்க அடுக்களைத் தரைய சுட்டுவெரலால தட்டித் தட்டிப் பாத்தாரே! ‘இங்க முன்னாடி என்னம்மா இருந்துச்சு’ன்னாரு. ‘அடுப்பு இருந்துச்சு சார்’னேன். ஏதோ குறிச்சுக்கிட்டாரு.

— ‘தொன்மையான அக்கினி வழிபாட்டின் எச்சம்’னு குறிச்சுக்கிட்டாரு.

— அடப் பாவி மனுசா! வெறகடுப்புத்தா அது! மழை பேஞ்சா பத்தாது, ஊதி ஊதி எங்க மாமிக்கு மூச்சே போயிரும்.

— அப்படி எழுத மாட்டேன்னேன். கையைக் கழுவிட்டாரு. அதுக்கப்புறம் என்னை எடுத்துக்க ஒரு வாத்தியார் இல்ல. ஞானசிகாமணி சார் ஒருத்தர்தான், ‘வாம்மா, நான் இருக்கேன்’னாரு. உதவித்தொகை நின்னப்போ ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினாரு. அவரு வீட்டம்மா எனக்கு ரெண்டு வருசம் மதியச் சோறு கட்டிக் கொடுத்தாக. அவரு இல்லைன்னா ஜெயமங்கலத்துல எங்க அப்பா பார்த்த முதல் மாப்பிள்ளைக்கே கழுத்தை நீட்டியிருப்பேன். அவரை எதுத்து ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வராதுக்கா.

— நீ பேசாத. நான் பேசிக்கிறேன். ஆமா, எங்க அவரு? வாசல்ல ஆளக் காணோம். நம்மூரு டிரைவரு அம்மாவாசி மட்டும் ஜாக்கியோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கான்.

— இங்க இருக்கேன்மா. டயரைத் தொட்டு கையெல்லாம் கரி. கழுவலாம்னு பின்பக்கமா வந்தேன்.

— ஆத்தாடி! சார், நிலை, நிலை! தலை! அட, குனிஞ்சுட்டீகளே. இந்த அடுக்களை நிலையில இடிக்காம உள்ள வந்த வெளியாளு நீங்க ஒருத்தர்தேன் சார். அனு மூணு தடவ வாங்கிக்கிட்டா. பழைய சாருக்கு நெத்தியில கோழிமுட்டை கணக்கா வீங்கிருச்சு.

— வணக்கம் சார். ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்திருப்பேனே.

— வணக்கம்மா. உட்காரு, உட்காரு. தண்ணி குடிச்சுட்டுச் சொல்றேன்.

— இருங்க சார், நான் மோந்து தாரேன். செம்பு அந்த மாடத்துல... சரி, எடுத்துக்கிட்டீக. குடிங்க. பானைத் தண்ணி, சில்லுனு இருக்கும்.

— அனுசுயா, விசயத்துக்கு வர்றேன். உன் பழைய கைடு ஆய்வுக் கமிட்டிக்குக் கடுதாசி எழுதியிருக்காரு. அப்படி ஒரு வீடே கிடையாது, எந்த முஸ்லிம் வீட்லயும் இப்படி ஒரு சடங்கு நடக்காது, மாணவி கற்பனையா எழுதியிருக்கான்னு. என்னை நேரில போய் விசாரிச்சு அறிக்கை தரச் சொல்லிட்டாங்க.

— நல்லாருக்கே! அப்ப நான் யாரு சார்? பேயா? தொட்டுப் பாக்கச் சொல்லுங்க.

— கோவிச்சுக்காதீங்கம்மா.

— கோவம் இல்ல சார். சிரிப்பாணியா வருது. அந்த சாரு இப்படி ஒரு வீடே இல்லைங்குறாரு. துபாயில இருந்து எம் மகன் முஜிபு போன் போட்டு, ‘இதெல்லாம் மார்க்கத்துல இல்லாததும்மா, நம்ம வீட்டுப் பேரு அதுல வரக்கூடாது’ங்குறான். இப்ப நீங்க வந்து அத்தியாயத்தை மாத்துங்குறீகளாமே? மூணு பேரும் மூணு தெச. ஆனா நடந்ததைச் சொல்லாதங்குறதுல மட்டும் ஒத்துமையா இருக்கீக.

— நான் மறைக்கச் சொல்லலம்மா. சரியா விளக்கணும்னு சொல்றேன். அடிப்படையில இது என்ன? ஒரு தாய் அஞ்சு பிள்ளையைப் பறிகொடுத்துட்டு, ஆறாவதைத் தவிட்டுல போட்டு இன்னொரு வீட்ல கொடுக்குறா. அதுல உங்களுக்குப் பாசம் தெரியுது. எனக்கு, சுத்துவட்டாரத்துல ஒரு டாக்டர்கூட இல்லாத ஊர் தெரியுது. அடிப்படையில அது பயம். பயத்தை அழகுபடுத்தி எழுதினா அது ஆய்வு இல்ல.

— பயம் இருந்துச்சு சார், நானும் எழுதியிருக்கேன். ஆனா முப்பத்தேழு பேர்ல ஒருத்தரும் பயம்னு முடிக்கல. ‘எங்களுக்கு இன்னொரு வீடு கிடைச்சுது’ன்னு முடிச்சாக. அத்தியாயத்துக்கு நான் வச்ச தலைப்பு ‘வாங்கிய வீட்டுக்கு நன்றி’. நீங்க அதை அடிச்சுட்டு ‘குழந்தை விற்பனை: நிலவுடைமையாளர் ஆதிக்கத்தின் சடங்கு வடிவம்’னு எழுதிட்டீங்க.

— நெலவுடைமைன்னா?

— நிறைய நிலபுலன் வச்சிருக்கவுக, அக்கா. அவுக ஏழைங்க பிள்ளைகளை வாங்குற மாதிரி வாங்கி, காலத்துக்கும் அந்தக் குடும்பத்தைக் கட்டுப்படுத்தி வச்சாகன்னு அர்த்தம்.

— யாரு, எங்க மாமனாரா? அவருக்கு நெலபுலனா? சார், அந்த மனுசன் அடுத்தவுக நெல்லை மாட்டுவண்டியில ஏத்தி எறக்குனவரு. வண்டி அவரோடது; மாடு வாடகை! தவுடுகூட எங்க வீட்டுத் தவுடு இல்ல. அரவை மில்லுல எங்க மாமி கூட்டிப் பெருக்கிப்புட்டு வாங்கியாந்தது. புள்ளைய விக்க வந்தவுகதேன் கெணறு வெட்டி வெள்ளாமை பாத்த பெரிய வீட்டுக்காரவுக. அவுகளுக்கு நாலு பக்கம் நெலம், எங்களுக்கு நாலு பக்கம் ஓட்டை.

— அப்போ வாங்கினவங்கதான் ஏழையா?

— பின்னே? எங்க வீட்டுப் புள்ளைய எங்களால வளக்க முடியாதுல்ல? அதனாலதேன் விக்க வந்தவுககிட்டயே, ‘எங்க புள்ளைய நீங்க வளத்துத் தாங்க’ன்னு கொடுத்து விடுவாக எங்க மாமி. அவுகளும் ‘சரிம்மா, ஒங்க புள்ளைய நாங்க வளக்குறோம்’னு வாங்கிட்டுப் போவாக. அங்க பெத்தவ அழுவா, இங்க வாங்குனவளும் அழுவாளாம்.

— இவ்வளவு முக்கியமான விசயம். ஏம்மா அனுசுயா, இதை ஏன் அத்தியாயத்துல சொல்லல?

— சொல்லியிருந்தேன் சார். நூத்திப் பன்னெண்டாம் பக்கம். ‘தேவையற்ற விவரம்’னு நீங்கதான் அடிச்சீங்க.

— நானா?

— சிவப்பு மையில, சார்.

— அந்தப் பழைய சாரு இதை ஒண்ணும் பண்ணலையாக்கும்?

— அவரும் அடிச்சாருக்கா. அதே பக்கம், பச்சை மையில. கோயில், பூசாரி, தீர்த்தம் எதுவும் இல்லாம ஒரு அடுக்களையில நடந்துச்சுன்னு இருந்தது அவருக்குப் பிடிக்கல. விக்க வந்தவுக வசதியானவுகன்னு இருந்தது சாருக்கு ஒத்து வரல.

— அனுசுயா...

— மன்னிச்சுக்கங்க சார். உங்ககிட்ட இப்படிப் பேசணும்னு நான் வரல. நீங்க இல்லைன்னா இந்த ஆய்வே இல்ல. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இவுகளும் எனக்கு ஆறு வருசம் சோறு போட்டு வாயைத் திறந்து பேசியிருக்காக. ஒருத்தருக்குப் பட்ட நன்றிக்கடனுக்காக இன்னொருத்தர் சொன்னதை மாத்தி எழுத எனக்குக் கை வரல.

— வாய் வராதுன்னியே ஆத்தா? நல்லாத்தானே வருது!

— சும்மா இருங்கக்கா.

— சரிம்மா, நான் ஒண்ணு கேக்குறேன். ‘நன்றி’ன்னு தலைப்பு வச்சிருக்கே. அந்த முப்பத்தேழு பேர்ல எத்தனை பேர் நன்றின்னு வாயால சொன்னாங்க? உன் பேட்டிப் பதிவு முழுக்கப் படிச்சேன். ஒரு இடத்துலகூட அந்த வார்த்தை இல்லையே. இல்லாததை நீ எப்படிக் கண்டுபிடிச்சே?

— அதுக்கு நான் பதில் சொல்றேன் சார். அந்த வார்த்தைய சொல்லக்கூடாது.

— ஏன்?

— சொன்னா விருந்தாளி ஆயிருவாகள்ல! வாங்குன புள்ளைக்குன்னு இந்த வீட்ல ஒரு மொறை இருக்கு. முன்வாசல்ல நின்னு கூப்புடக்கூடாது. அடுக்களை வழியா வரணும். ‘தண்ணி குடுங்க, சோறு போடுங்க’ன்னு கேக்கக்கூடாது, தானா எடுத்துக்கணும். போகும்போது நன்றி கின்றின்னு ஒரு சொல்லு சொல்லக்கூடாது. பெத்த வீட்ல யாராச்சும் நன்றி சொல்லிட்டுப் போவாகளா? அதுக்குப் பதிலா வருசாவருசம் தர்காவுல கந்தூரி நடக்குற அன்னைக்கு வந்து நெய்ச்சோறு தின்னுட்டுப் போகணும். அம்புட்டுத்தேன்.

— அதைத்தான் சார் எழுதினேன். கூடலூர் சுருளியாண்டிக்கு அம்பது வயசு. மூணு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணுனாரு, மூணுக்கும் முதல் பத்திரிகை இந்த வீட்டு அடுக்களைக்குத்தான் வந்துச்சு. ஏன்னு கேட்டா ‘தெரியாது, வச்சோம்’னாரு. அதை நான் வேற என்ன பேர் சொல்லி எழுதட்டும்?

— வர்றவங்க சரி. வராதவங்களும் இருப்பாங்கல்ல?

— இருக்கான் ஒருத்தன். அவனைத்தேன் இவ தேடித் தேடிப் பாத்தா. முப்பத்தெட்டாவது ஆளு.

— அவருக்கு என்ன ஆச்சு?

— யாருக்குத் தெரியும்? அஞ்சு போயி ஆறாவதா பொறந்தவனாம். எங்க மாமிக்கு அவன் மேல ஒரு பங்கு கூடத்தேன். நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒருக்க வந்தான், காலேஜுல சேரப் போறேன்னு. நான் புதுப்பொண்ணு, கதவுக்குப் பின்னாடி நின்னேன். முதுகுதேன் தெரிஞ்சுச்சு. அள்ளி அள்ளித் தின்னான். போனான். அம்புட்டுத்தேன், அதோட வரல.

— படிக்கப் போன இடத்துல புதுசா ஏதாவது படிச்சிருப்பான். கூட்டம், சங்கம்னு போயிருப்பான். மூடநம்பிக்கையை எதுத்து மேடையில பேசியிருப்பான். பேசிட்டு, தவிட்டுக்கு விலைபோனவன்தான் நான்னு சொல்ல வெட்கமா இருந்திருக்கும்.

— அதுல என்ன சார் வெக்கம்?

— தெரியல. அந்த வயசுல அப்படித்தான் இருக்கும். அப்புறம், வராம இருந்ததே ஒரு வெட்கமாயிடும். ஒரு வருசம் விட்டா மறு வருசம் கால் வராது. அவங்க... உங்க மாமி... கோவமா இருந்தாங்களா?

— கோவமா? வீட்டுப் புள்ள வராட்டி யாருக்காச்சும் கோவம் வருமா சார்? ‘அங்கன என்னத்தத் திங்கிறானோ’ன்னுதேன் கவலை வரும். ஒவ்வொரு கந்தூரிக்கும் நெய்ச்சோறை ஒரு கும்பாவுல எடுத்து, தட்டு போட்டு மூடி, அந்தா அந்த மாடத்துல வப்பாக. அந்தி வரைக்கும் யாரும் தொடக்கூடாது. கண்ண மூடி மௌத்தாகுற வருசமும் வச்சாக. முஜிபு முன்பக்கம் மாடி கட்டுறப்ப இந்த அடுக்களையையும் இடிக்கணும்னான். நான் விடல. நிலையவாச்சும் ஒசத்துறேன்னான். அதுக்கும் விடல.

— ஏம்மா?

— வர்றவனுக்கு எடம் அடையாளம் தெரிய வேணாமா?

— சார்? என்ன சார், கண்ணு சிவந்திருக்கு?

— ஒண்ணுமில்லம்மா. புகை.

— அடுப்பே பத்த வைக்கலையே சார்! கேஸ் அடுப்பு வந்து அஞ்சு வருசமாச்சு.

— அந்தா, அம்மாவாசி ஹார்ன் அடிக்கான். டயரை மாட்டிட்டான் போல. சார், ஒரு வாய் சாப்புட்டுப் போலாம்ல? பன்னீர் திராச்சை பறிச்சு வந்திருக்கு, ஒரு பெட்டி ஜீப்புல வைக்கச் சொல்றேன்.

— அனுசுயா, அந்தக் காகிதக் கட்டை இங்க கொடு. பேனாவும்.

— நீங்க திருத்தினதுதானே சார்? இந்தாங்க.

— இது இல்ல. நீ எழுதினது. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தோட இருக்கிறது.

— சார்!

— டாக்டர் இல்லாததை அழுத்தி எழுது. செத்த பிள்ளைகளையும் எழுது, அதை விட்டுடாத. ஆனா யார்கிட்ட நிலம் இருந்துச்சு, யார்கிட்ட தவிடு இருந்துச்சுங்கறதை இருக்கிறபடியே வை. தலைப்பும் உன்னோடதே இருக்கட்டும். எங்க போடணும் கையெழுத்து? இங்கயா?

— அதுக்குக் கீழ, சார். தேதியும். சார், கமிட்டி அந்தக் கடுதாசியைக் காட்டிக் கேட்டா?

— வீடு இருக்கு, நேர்ல போனேன்னு நானே எழுதித் தர்றேன். நிலை எவ்வளவு உயரம்னு வேணும்னாலும் சொல்றேன்.

— பொழச்சேத்தா அனு! உங்க ஆத்தா அனுப்பி விட்ட வாழைப்பழத்துக்கு இன்னைக்குத்தேன் வேலை. எடு, சாருக்கு ரெண்டு குடு.

— இந்தாங்க, பழம். சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பழைய கைடு கைவிட்ட அன்னைக்குச் சேத்துக்கிட்டீங்க, இன்னைக்கு இதையும்...

— போதும்மா. நான் அடிச்ச பக்கத்தை நானே திரும்பச் சேக்குறேன், அதுக்கு நன்றி வேறயா? வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முன்னால ஆபீஸுல கொடுத்துடு. நான் கிளம்புறேன்.

— சார், வாசல் இங்கிட்டு. அடுக்களைப் பக்கமா ஏன் போறீங்க? லத்திபாக்கா இவ்வளவு பொறுமையா உட்கார்ந்து சொல்லியிருக்காக. அவுகளுக்கு ஒரு நன்றியாவது சொல்லிட்டுப் போகலாம்ல?

— நான் எப்படித்தா சொல்லுவேன்? முப்பத்தேழை முப்பத்தெட்டுன்னு திருத்திக்க. ரெண்டு படி தவுட்டுக்கு என்னைய இங்கனதேன் வாங்குனாக.